முதலில் எண்ணா, ஊரா? நேட்டால் போன மூதாதையரைத் தேட எந்தக் காப்பகத்தில் தொடங்குவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு வேலூரைச் சுற்றி நான்கு நாள் அலைந்தேன். அம்மா, மகன், மருமகள் என்று மூன்று பேர். அவர்கள் கையில் இருந்தவை இரண்டே சொற்கள். ஒன்று வேலூர், பாட்டி சாகும்வரை "நம்ம ஊர் வேலூர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இன்னொன்று முனுசாமி, கொள்ளுத்தாத்தாவின் பெயர். வேலூர்ப் பக்கம் போய் முனுசாமி வீடு எது என்று கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பார்த்த பெரியவர்கள் எல்லாரும் பாயை விரித்து உட்காரவைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், "எங்க பாட்டன் கூடப் பொறந்தவர் ஒருத்தர் கப்பல் ஏறிப் போனவர்தான்" என்றார்கள். எதுவும் ஒட்டவில்லை. ஐந்தாம் நாள் அந்த அம்மா அழுதுகொண்டே விமானம் ஏறினார்.

ஊருக்குப் போன பிறகு, பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு திருமணப் பதிவுத் தாளில் ஐந்து இலக்க எண் ஒன்று இருப்பதைக் கவனித்திருக்கிறார். அந்த எண்ணைப் பல்கலைக்கழகக் காப்பகத்தின் கப்பல் பட்டியலில் தேடியபோது தாலுகா இருக்க வேண்டிய இடத்தில் போளூர் என்று இருந்தது. நாங்கள் போகாத திசை. ஒரு விமானப் பயணத்தின் செலவும் மூன்று பேருடைய விடுமுறையும் தேடலின் வரிசையை மாற்றிப் போட்டதால் வீணாயின.

அதன் பிறகு, தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இந்த வரிசையைப் பற்றித்தான் பேசுகிறேன். தேட முக்கியமான இடங்கள் நான்கு: டர்பனில் இருக்கும் பல்கலைக்கழக ஆவண மையம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் அரசு ஆவணக் காப்பகம், சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், லண்டன். எல்லாவற்றுக்கும் போய்வர நேரமும் பணமும் இருக்கிறவர்கள் குறைவு. எதை முதலில் எடுப்பது, எதை விட்டுவிடலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து 'பெல்விடேர்' வந்தது. 1911-இல் இந்த ஏற்றுமதி நிறுத்தப்படும்வரை 384 பயணங்களில் 1,52,184 பேர் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு, அன்றைய பிரிட்டிஷ் காலனிக்கு, கொண்டுபோகப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, அதோடு ரேஷன். பெண்ணுக்கு இதில் பாதி. பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள்; ரயில்வேக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

இந்த 1,52,184 பேரும் ஆளுக்கோர் எண் பெற்றார்கள். 1860-இல் ஒன்றில் தொடங்கி, கப்பல் வரவர எண் ஏறிக்கொண்டே போனது. 1866-இல் ஆள் கொண்டுவருவது நின்றபோது எண்ணிக்கை 6,445. மறுபடி 1874-இல் தொடங்கியது. ஆகவே ஒருவருடைய எண் 6,445-க்குள் இருந்தால் அவர் முதல் ஆறாண்டில் வந்தவர் என்று பட்டியலைத் திறக்காமலே சொல்லிவிடலாம். திருமணம், மரணம், முதலாளி மாற்றம், ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று என்று எந்தக் காகிதமாக இருந்தாலும் பெயரோடு அந்த எண்ணும் ஏறியது. அங்கே பிறந்த பிள்ளைகளைக்கூடப் பெற்றோர் எண்ணைச் சொல்லித்தான் பதிந்தார்கள். மனிதரை எண்ணாக்கிய கொடுமை அது. ஆனால் பெயரைப் பத்து விதமாக எழுதிய குமாஸ்தாக்கள் எண்ணை மட்டும் ஒழுங்காக எழுதினார்கள் என்பதால், நாம் அவர்களிடம் திரும்பிப் போவதற்கு இருக்கும் ஒரே நேர்வழியும் அதுதான்.

பல்கலைக்கழக மையம்

குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதூலி ஆவண மையம் இருக்கிறது. அதன் பிறப்பையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நிறவெறி அரசு 1961-இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு கல்லூரியை டர்பன் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கும் சாலிஸ்பரி தீவில் தொடங்கியது. மற்ற பல்கலைக்கழகங்களின் கதவை இந்திய மாணவர்களுக்கு அடைத்துவிட்டுக் கொடுத்த கல்லூரி அது. கூலிக் கப்பல்கள் நுழைந்த அதே நீர்ப்பரப்பின் நடுவே அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் படகேறிப் படிக்கப் போனார்கள். பிறகு கல்லூரி வெஸ்ட்வில் குன்றுக்கு இடம் மாறி டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஒதுக்கிவைப்பதற்காகக் கட்டிய இடத்தில், ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் பாட்டன் பூட்டனின் காகிதங்களைச் சேர்த்துவைத்தார்கள். அந்த மையத்தின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்குப் பெரிய காரணம் இதுதான்.

அங்கே நமக்கு வேண்டியது கப்பல் பட்டியல். அரசுப் பதிவேடுகளில் கையெழுத்தாக இருந்ததைக் கணினியில் ஏற்றி, இணையத்தில் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு வரியில் என்னென்ன இருக்கும்? எண், பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடலில் உள்ள அடையாளம், கப்பல், வந்த தேதி. எந்த முதலாளிக்கு அனுப்பப்பட்டார் என்பதும் பல வரிகளில் உண்டு. சில கட்டங்கள் காலியாக இருக்கும், குறிப்பாகக் கிராமம்.

இதைப் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. தாணா என்பது காவல் நிலைய எல்லையைக் குறிக்கும் வடக்கத்தியச் சொல். நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கட்டத்தில் தாலுகாவை நிரப்பினார்கள். ஜில்லாவும் அன்றைய ஜில்லா. வட ஆற்காடு என்றிருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 1911 வரை சித்தூரும் அதற்குள்தான் இருந்தது. அதனால் வட ஆற்காட்டுக்காரர் தெலுங்கு பேசியவராகவும் இருக்கலாம். ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி, சிங்கிள்புட் என்றால் செங்கற்பட்டு, டிரிச்சினாபொலி என்றால் திருச்சி என்று பெரிய ஊர்களைக் கண்டுபிடித்துவிடலாம். சிறிய கிராமத்தின் பெயர், தமிழ் கிராமத்தாரின் வாயிலிருந்து தரகர் காதுக்குப் போய், குமாஸ்தாவின் ஆங்கிலத்துக்குப் போய், நூறாண்டு கழித்துக் கணினியில் தட்டியவரின் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஓர் எழுத்து நழுவினாலும் போச்சு. பட்டியலில் தெரிவதை முடிவான ஊர்ப் பெயராக எடுத்துக்கொள்ளாமல், தாலுகா வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு ஒலி ஒத்துப்போகும் ஊர்களை வட்டமிட வேண்டும்.

சாதிக் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சென்னைக் கப்பல்களில் 'மலபார்' என்றும் 'ஜெண்டூ' என்றும் எழுதியிருப்பார்கள். இவை சாதிகளே அல்ல. தமிழரையும் தெலுங்கரையும் வெள்ளைக்காரர்கள் அழைத்த பெயர்கள். மற்ற இடங்களிலும் சொன்னது உண்மையா, கேட்டது சரியா, எழுதியது ஒழுங்கா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கப்பல் ஏறுகிற இடத்தில் சாதியை மாற்றிச் சொல்லிப் புதுவாழ்வு தேடியவர்கள் இருந்தார்கள் என்றால் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு பெரிய தடுமாற்றம் குடும்பப் பெயர். கோவெண்டர், மூட்லி, பிள்ளை, படையாச்சி, நாயுடு என்று இன்று அங்கே வழங்கும் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் பிறகு நிலைத்தவை. பட்டியலில் இருப்பது ஒற்றைப் பெயரும் தந்தை பெயரும். ஆகவே கோவெண்டர் என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று மனம் உடைய வேண்டாம். முனுசாமி என்பதை மூன்சாமி, முன்சாமி, முனிசாமி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தந்தை பெயரையும் வயதையும் சேர்த்துப் பொருத்துங்கள். ஆளைக் கண்டதும் அந்த வரியோடு நின்றுவிடாமல் மேலும் கீழும் பத்து வரி படியுங்கள். சேர்ந்து வந்த குடும்பத்துக்கு அடுத்தடுத்த எண் கிடைத்தது. கணவன், மனைவி, கைக்குழந்தை, சில சமயம் மனைவியின் தம்பி, அதே கிராமத்து அண்டைவீட்டார் என்று ஒரு தெருவே அங்கே வரிசையாக நிற்கும்.

உடல் அடையாளக் கட்டத்தைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். முழங்காலில் தழும்பு, நெற்றியில் வடு, கையில் பச்சை. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்காக எழுதிவைத்த குறிப்பு. அவர்களுக்கென்று ஒரு புகைப்படம் கிடையாது. மொரீஷியஸுக்குப் போனவர்களின் சந்ததிக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் ஆயிரக்கணக்கானவர்களின் முகம் இருக்கிறது. நேட்டாலுக்குப் போனவர்களுக்குத் தழும்புதான் முகம்.

இதே பல்கலைக்கழகத்தின் கீழ் இன்னோர் இடமும் இருக்கிறது. டர்பனில் பெரியா என்ற மேட்டுப் பகுதியில் 'மக்கிள்நுக்' என்ற மாளிகையில் கில்லி கேம்பல் நூலகம். சர்க்கரை முதலாளி மார்ஷல் கேம்பலின் மகள் சேர்த்துவைத்து, 1965-இல் பல்கலைக்கழகத்துக்கு விட்டுப்போனது. ஜூலு வரலாற்றுக்கு அது பெரிய களஞ்சியம். நம் ஆட்களின் பெயரைத் தேட அங்கே போக வேண்டியதில்லை. உங்கள் முன்னோர் மவுண்ட் எட்ஜ்கோம்ப் போன்ற வடகரைத் தோட்டங்களில் வேலை செய்தவர் என்று தெரிந்து, அந்தத் தோட்டம் எப்படி நடந்தது, முதலாளிகள் எப்படிப் பேசினார்கள், எழுதினார்கள் என்று பார்க்க விரும்பினால் போகலாம். 1913 நவம்பர் வேலைநிறுத்தத்தின்போது அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள் என்பதை மறக்காமல் அந்தப் படிக்கட்டில் ஏறுங்கள்.

வெஸ்ட்வில் மையத்தின் குறை என்ன? பட்டியல் ஆளைக் கரையிறக்கி முதலாளியிடம் ஒப்படைப்பதோடு முடிந்துவிடும். பிறகு அவர் என்ன ஆனார் என்பதை அது சொல்லாது. அங்கே சேர்த்துவைத்திருக்கும் வாய்மொழிப் பேட்டிகளும் புகைப்படங்களும் நாளிதழ்களும் பின்னாளைய அரசியல் போராட்டத்துக்கு அருமையானவை. ஆனால் 1880-இல் கரும்பு வெட்டியவரின் குரல் அவற்றில் கிடைக்காது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அந்தக் குரல் கிடைக்கிற இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அரசு ஆவணக் காப்பகம். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த ஊர்தான். இங்கே இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகக் கோப்புகள் இருக்கின்றன. அந்தப் பதவி வந்ததற்கே ஒரு கதை உண்டு. 1871-இல் 'ரெட் ரைடிங் ஹுட்' என்ற கப்பலில் ஒப்பந்தம் முடிந்து சென்னைக்குத் திரும்பியவர்கள், அடித்ததையும் கூலியைப் பிடித்ததையும் சென்னையில் இருந்த அதிகாரிகளிடம் சொன்னார்கள். சென்னைக் கடற்கரையில் இறங்கிய அந்தச் சிலர் வாய் திறந்ததால் விசாரணைக் குழு வந்தது. 1872-இல் பாதுகாவலர் பதவி வந்தது. அதன் பிறகுதான் இந்திய அரசு மறுபடி ஆள் அனுப்பச் சம்மதித்தது.

பாதுகாவலர் பெயருக்கேற்ப எப்போதும் பாதுகாத்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய அலுவலகத்துக்கு எல்லாமே எழுத்தாக வந்து சேர்ந்தது. அடி வாங்கியவர் கொடுத்த புகார், ஓடிப்போனார் என்று முதலாளி எழுதிய கடிதம், மனைவியை வேறு தோட்டத்திலிருந்து தன்னோடு சேர்த்துவைக்கக் கேட்ட மனு, மரண அறிவிப்பு, ஊருக்குப் பணம் அனுப்பிய கணக்கு. காந்தி டர்பனில் வழக்கறிஞராக அமர்ந்த புதிதில், 1894-இல், முன்பல் இரண்டு உடைந்து, கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்ற பாலசுந்தரம் ஒரு தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி. அவரை வேறு முதலாளியிடம் மாற்றுவதற்கு இந்தப் பாதுகாவலரின் சம்மதம்தான் தேவைப்பட்டது. பாலசுந்தரத்துக்கு ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். வழக்கறிஞர் கிடைக்காத பல பாலசுந்தரங்களின் வழக்கு அந்தக் கோப்புகளில் ஓரிரு தாள்களாக இருக்கிறது.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போனால் கடலில் ஊசி தேடுகிற கதை. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நாயர்ஸ் என்ற இணைய அட்டவணை உண்டு. அதில் தலைப்புகளைத் தேடலாம். ஆவணத்தின் படத்தைப் பார்க்க முடியாது. எண்ணும் முதலாளி பெயரும் ஆண்டும் கையில் இருந்தால் அட்டவணையில் கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு நேரே போய்க் கேட்கலாம். இதனால்தான் வெஸ்ட்வில் முதலிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரண்டாவதாகவும் வர வேண்டும் என்கிறேன். வரிசையை மாற்றினால் இரண்டுமே நேரத்தைத் தின்னும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. எண் தெரியாது, கப்பல் தெரியாது, பெயரும் நான்கு முனுசாமிகளில் எந்த முனுசாமி என்று தெரியாது என்றால், மறுமுனையிலிருந்து வர வேண்டும். இறந்தவரின் சொத்துக் கோப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அதில் உள்ள மரண அறிவிப்பில் பெற்றோர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுதியிருப்பார்கள். தாத்தாவின் கோப்பிலிருந்து பூட்டன் பெயருக்கும், அங்கிருந்து பட்டியலுக்கும் ஏறிப் போகலாம். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, செலவே இல்லாதது: வீட்டுப் பெட்டியைத் திறப்பது. மஞ்சளாகிப்போன திருமணத் தாள், ஒப்பந்தம் முடிந்த சான்று, மூன்று பவுன் வரி கட்டிய ரசீது, எதிலாவது அந்த எண் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல், மறுபடி கூலியாகவும் சேராமல் இருந்தவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும் என்று 1895-இல் சட்டம் போட்டார்கள். 1914-இல்தான் அது போயிற்று. அந்தத் துயரமான ரசீதைக்கூட எறிந்துவிடாதீர்கள்.

எழும்பூர்

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது எழும்பூர்க் காப்பகம். சென்னை வருகிற டர்பன்காரர்களும் முதலில் ஓடுவது அங்கேதான். சிவப்புச் செங்கல் கட்டடத்தைப் பார்த்ததும் எல்லாம் உள்ளே இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. இருக்கிறது, ஆனால் அவர்கள் தேடுவது வேறு. சென்னை மாகாண அரசின் ஆவணங்கள் துறை, ஆண்டு, அரசாணை எண் என்ற ஒழுங்கில் அடுக்கப்பட்டவை. உங்கள் பூட்டன் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தர அங்கே வழி இல்லை. ஆள்சேர்ப்புத் தரகர்கள் மேல் வந்த புகார், கப்பலேறும் முகாம் விதிகள், திரும்பி வந்தவர்களின் வாக்குமூலம், மாவட்ட ஆட்சியர்களின் கடிதங்கள் ஆகியவற்றைப் படிக்க அது நல்ல இடம். 'ரெட் ரைடிங் ஹுட்' விவகாரத்தைச் சென்னை எப்படிப் பார்த்தது என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஆய்வு மாணவருக்கு எழும்பூரை விட்டால் பக்கத்தில் வேறு இடம் இல்லை. அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும், அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டும், பொறுமை வேண்டும்.

கிராமத்தின் பழைய நிலப் பதிவேட்டில் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். நில அளவைப் பதிவேடுகளில் இருப்பது பட்டாதாரர்கள் பெயர். கப்பல் ஏறியவர்களில் ஏராளமானோர் பட்டா இல்லாதவர்கள். பட்டாதாரர் நிலத்தில் உழைத்தவர்கள். நிலம் இருந்தால் அவர்களில் பலர் போயிருக்கவே மாட்டார்கள். 1876–78 பஞ்சத்தில் இந்த மாகாணம் செத்து விழுந்த கணக்கைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர்ப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களுக்குக் கடலுக்கு அப்பால் தழும்பு முதற்கொண்டு எழுதிய பதிவேடு இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் நன்றியும் சேர்ந்தே வருகிறது.

லண்டன்

லண்டனைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இருக்கின்றன. சென்னை அரசின் நடவடிக்கைக் குறிப்புகளின் பிரதி அங்கே போனது. லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் நேட்டால் ஆளுநர் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் சி.ஓ. 179 என்ற வரிசையில் இருக்கின்றன. கியூவில் உங்கள் கேமராவிலேயே கட்டணமில்லாமல் படம் எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. கொள்கையை எழுதுகிறவர்கள், முனைவர் பட்டம் செய்கிறவர்கள் போகட்டும். ஒரு குடும்பத்தின் வேரைத் தேடுகிறவர்கள் இதற்காக லண்டன் போவது தேவையற்ற செலவு என்பது என் கருத்து.

உங்களுக்கு எது?

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருந்துகொண்டு பாட்டி சொன்ன ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தவர் என்றால், இந்தியாவுக்கு டிக்கெட் போடாதீர்கள். பெட்டியைத் திறந்து எண்ணைத் தேடுங்கள். இல்லாவிட்டால் சொத்துக் கோப்பு வழியாக வாருங்கள். எண் கிடைத்ததும் வெஸ்ட்வில் பட்டியல். பாட்டி சொன்ன ஊர் பொய்யாக இருக்காது. பெரும்பாலும் அது கிராமத்துக்குப் பக்கத்துப் பெரிய ஊராகவோ, அவர்கள் வண்டி ஏறிய ஊராகவோ இருக்கும். வேலூரும் போளூரும் அப்படித்தான் கலந்துபோயின. அதன் பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இரண்டு நாள். தமிழ்நாட்டுப் பயணம் கடைசியில். அப்போதும் எழும்பூருக்கு அல்ல, நேரே தாலுகாவுக்குப் போங்கள். ஊர்க்கோயில் எது, குலதெய்வம் யார் என்று வீட்டில் ஏதாவது சொல்லிவைத்திருந்தால் அதைக் கையோடு எடுத்துப் போங்கள். கிராமப் பெயர் சிதைந்திருக்கும் இடத்தில் குலதெய்வத்தின் பெயர் வழிகாட்டக் கூடும்.

உங்கள் குடும்பம் கட்டணம் கொடுத்துக் கப்பல் ஏறி வணிகத்துக்குப் போன குடும்பம் என்றால், இந்தப் பட்டியலில் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். அது ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடு. சத்தியாக்கிரகத்தில் சிறை போய் 1914-இல் பதினாறு வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், வணிகக் குடும்பம். அப்படிப்பட்டவர்களுக்குக் கடை உரிமம், குடியேற்றத் துறைக் கோப்புகள், சொத்துக் கோப்புகள்தான் வழி. அவர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அல்லது பிரிட்டோரியா அரசுக் காப்பகத்திலேயே நேராகத் தொடங்கலாம்.

மூன்றாவது வகை ஆட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் பக்கத்து வட்டார வரலாற்றில் ஈடுபாடுள்ள ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள். அவர்களுக்கும் முதலிடம் வெஸ்ட்வில் பட்டியலுக்குத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஐந்து மைலில் எழும்பூர் இருந்தாலும் சரி. அட்டவணையை இறக்கித் தாலுகாக் கட்டத்தை வைத்து வரிசைப்படுத்தினால், உங்கள் தாலுகாவிலிருந்து எந்த ஆண்டில் எத்தனை பேர் போனார்கள், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எந்த ஊரிலிருந்து கூட்டமாகப் போனார்கள் என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும். நூறு ஆணுக்கு நாற்பது பெண் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், பெண்களின் வரிகளைத் தனியாகப் பார்க்கச் சொல்வேன். துணையில்லாமல் வந்தவர், கைக்குழந்தையோடு மட்டும் வந்தவர் என்று சிலர் வருவார்கள். எதிலிருந்து தப்பி வந்தார்கள் என்று பட்டியல் சொல்லாது. அந்தத் தாலுகாவில் அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று தேட அப்போதுதான் எழும்பூருக்குப் போக வேண்டும். அரசாணைக் கட்டுகளில் எந்த ஆண்டைக் கேட்பது என்பது அப்போது தெரிந்திருக்கும்.

போளூர் தாலுகா என்று குறித்த வரிகளை மட்டும் நான் தனியே பிரித்து, ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சில ஊர்கள் சட்டென்று பிடிபடுகின்றன. சிலவற்றை அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டினால் இரண்டாவது தடவையில் "அட, அது நம்ம..." என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த அம்மா அடுத்த தை மாதம் மறுபடி வருவதாக எழுதியிருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கிராமக் கட்டத்தில் இருக்கும் ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு ஊர்கள் பொருந்துகின்றன. இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர்தான். இரண்டிலும் இறங்குவோம்.